சுக்கான் பிடித்த சமுத்திரம்

தென் மாவட்ட நீர்விளையாட்டு ஊக்குவிப்பு வாரியத்தின் தலைமை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கடலோரத்தில் இருக்க வேண்டிய அலுவலகத்தை, கண்மாய்கள் பாதி வருஷம் வெடித்துக் கிடக்கிற ஊரில் ஏன் வைத்தார்கள் என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பதுண்டு. இயக்குநர் வைகுண்டராஜிடம் அதற்குப் பதில் இருந்தது.

“கடக்கரையில இருக்கவன் யாரும் சொல்லாமலே தண்ணிக்குள்ள குதிப்பான். அவனுக்கு எதுக்குங்க ஊக்குவிப்பு? தண்ணி இல்லாத எடத்துலதான் ஊக்குவிக்க வேண்டியிருக்கு.”

வாரியத்துக்கு ஒரு படகும் இருந்தது. பந்தயப் படகு, தென்னை மட்டையைப் போல ஒல்லி, ஆனால் மொட்டை மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நீளம். கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அதன் முதுகில் வடகம் காயப்போடுவார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் படகு தண்ணீரைத் தொட்டது மழை பெய்தபோது மட்டும்தான்.

அங்கே அலுவலக உதவியாளராக இருந்தவர் சமுத்திரம். பெயர்தான் சமுத்திரமே தவிர, அவருக்குத் தண்ணீர் என்றால் உயிர்ப்பயம். சொம்புக்குள் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. கணுக்காலைத் தாண்டினால் நெஞ்சை அடைக்கும். அய்யனார் கோயில் அருவிக்குக் குடும்பத்தோடு போனாலும், எல்லோருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு வேன் பக்கத்திலேயே நிற்பார். வேலைக்கு உத்தரவு வந்தபோது ‘நீர்விளையாட்டு’ என்ற சொல்லைப் பார்த்துக் காய்ச்சலே வந்துவிட்டது. சேர்ந்து பார்த்த பிறகுதான் நிம்மதி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீரிலிருந்து இவ்வளவு பாதுகாப்பான இடம் வேறு கிடையாது.

அந்த நிம்மதி ஜெஃப்ரி வின்ஸ்லேட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியால் கெட்டது.

ராஜபாளையம் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியைத் தங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்குவது பற்றிப் பேச ஒரு குழு வந்தது. அதன் தலைவர் அவர். பாராளுமன்ற உறுப்பினர், கொஞ்ச காலம் மந்திரியாகவும் இருந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு நாளாவது படகு வலிக்காமல் திரும்ப மாட்டாராம். இங்கே அதற்கு வழி உண்டா என்று கேட்டிருந்தார். கேள்வி எங்கெங்கோ சுற்றி வாரியத்துக்கு வந்து சேர்ந்தது. “உண்டு” என்று வைகுண்டராஜ் சொல்லிவிட்டார். வாரியத்தை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. இல்லை என்று சொல்ல அவருக்கு வசதி இல்லை.

அவசரக் கூட்டம் கூடியது. மாலைக்கு ஒரு குழு, மேடைக்கு ஒரு குழு, மீட்புக்கு ஒரு குழு, சிற்றுண்டிக்கு இரண்டு குழுக்கள் என்று அமைத்தார்கள். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் இரங்கல் குழுவும் அமைத்தார்கள். தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த சமுத்திரம் தட்டோடு இயக்குநர் பக்கம் திரும்பினார்.

“இரங்கல் யாருக்குங்கய்யா?” என்று கேட்டார்.

“பொதுவா” என்றார் வைகுண்டராஜ்.

விருந்தினரின் பேச்சை மொழிபெயர்க்க ராஜபாளையத்திலிருந்து ஜாஸ்மின் என்ற ஆங்கில ஆசிரியையை வரவழைத்திருந்தார்கள். அவர் வின்ஸ்லேட்டின் வாழ்க்கையைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். அப்பா இறைச்சிக் கடைக்காரர். நடக்கப் பழகிய கையோடு துடுப்புப் பிடித்தவர். கல்லூரிக் காலத்தில் ஒரு பெரிய பந்தயத்தில் அவருடைய படகுக்குள் தண்ணீர் ஏறி, மற்றவர்கள் எல்லாம் குதித்து நீந்திப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. ‘மூழ்கினாலும் நிறுத்தாதவர்’ என்று சுவரொட்டி ஒட்டித் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். கடைசியில் மந்திரி பதவி போனதும் படகால்தான். பாராளுமன்றத்தில் முக்கியமான வாக்கெடுப்பு நடந்தபோது அவர் நடு ஆற்றில் இருந்தார்.

இவ்வளவையும் கேட்டதில் சமுத்திரத்தின் காதில் நின்றது ஒரே ஒரு சொல். மூழ்கினாலும்.

“படகுல அவர் ஒருத்தர்தான் துடுப்பு போடுவார் சார்” என்று ஜாஸ்மின் விளக்கினார். “துடுப்பு போடுறவங்க போற திசைக்கு முதுகக் காட்டித்தான் உக்காரணும். அதனால எதிர்த்தாப்ல ஒருத்தர் உக்காந்து சுக்கான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு வழி சொல்லணும். அவர் கண்ண நம்பித்தான் படகே போகும்.”

வைகுண்டராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

“போற எடத்தப் பாக்காம, முழுப் பலத்தையும் போட்டு உழைக்கிறது! நம்ம வாரியம் இத்தன வருசமா அதத்தான செஞ்சுட்டு இருக்கு? இதுக்கு ஒரு விளையாட்டே இருக்குன்னு இன்னிக்குத்தான்யா எனக்குத் தெரியுது.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து, எதிரே உட்காருவது யார் என்ற கேள்வி வந்தது. இயக்குநருக்கு ரத்தக்கொதிப்பு. துணை இயக்குநருக்குக் காதில் சீழ். கணக்காளர் மாலை போட்டிருந்தார். பேச்சு ஓய்ந்தபோது எல்லோருடைய பார்வையும் தேநீர்த் தட்டின் மேல் வந்து நின்றது.

“யோவ், உன் பேரு என்ன?” என்று கேட்டார் இயக்குநர்.

அந்த மனிதருக்கு ஏழெட்டு வருஷமாகத் தேநீர் கொடுத்து வருகிறவர் பதில் சொன்னார். “சமுத்திரம்ங்கய்யா.”

“பாத்தீங்களா!” என்றார் வைகுண்டராஜ்.

“ஐயா, எனக்கு நீச்சல் தெரியாதுய்யா. தண்ணியக் கண்டாலே கைகால் வெலவெலத்துப் போகும்.”

“இங்க யாருக்குய்யா நீச்சல் தெரியும்? நாங்கள்லாம் தைரியமா வாரியத்த நடத்தலையா?”

மறுநாள் பயிற்சி தொடங்கியது. வடகத்தை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் படகை நிமிர்த்திச் செங்கல் மேல் வைத்தார்கள். சமுத்திரம் அதில் ஏறி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு “லெப்ட் சார், ரைட் சார்” என்று சொல்லிப் பழகினார். காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்தார்கள். நீர்ப் பழக்கம் வரட்டும் என்று ஜீப் டிரைவர் பாண்டி வாளியிலிருந்து மோந்து முகத்தில் அடித்தான். செங்கல் மேல் இருந்த படகிலேயே சமுத்திரத்துக்கு மூச்சுத் திணறியது.

மிதவைச் சட்டைகள் வந்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. சட்டைகளைப் பதவி வரிசைப்படி கொடுத்தார்கள். இயக்குநருக்கு ஒன்று, துணை இயக்குநருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. மேடையில் உட்காரப் போகிறவர்களுக்கு எதற்கு என்று சமுத்திரம் பணிவாகக் கேட்டார்.

“போட்டோவுக்குய்யா. நீ வாரியத்தோட வீரன். வீரன் மிதவ போட்டுக்கிட்டா பாக்குறவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?”

இதற்கிடையில் இன்னொரு காரியமும் நடந்தது. படகு விடத் தேர்ந்திருந்த பிளவக்கல் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வேண்டிய பருவம் அது. சுந்தரபாண்டியம் வரை நெல் தண்ணீருக்குக் காய்ந்து நின்றது. ஆனால் அணையில் தண்ணீர் குறைந்தால் படகு தரைதட்டும், நாட்டுக்கு அவமானம் என்று வாரியம் மேலிடத்துக்குச் சொல்லி, திறப்பைத் தள்ளிப்போட வைத்துவிட்டது.

சமுத்திரத்தின் மாமனார் மொக்கைச்சாமிக்கு வயல் இருந்தது சுந்தரபாண்டியத்தில். அவர் பேருந்து ஏறி மருமகன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மாப்ள, ஒங்க ஆபீஸ்லதான் தண்ணிய அடைச்சு வச்சிருக்கியளாமே?”

“நான் அடைக்கல மாமா.”

“படகுல போகப் போறது நீங்கதானாமே? பயிரு சுருண்டு கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா மாட்டுக்குத்தான் ஆகும். வெள்ளக்காரன் வெளையாடணும்னு நாங்க சாகணுமா?”

மனைவி ஜெயசித்ரா அப்பாவுக்குச் சோறு போட்டபடியே சொன்னாள்: “அப்பா, அவியளே சாகப் போறோம்னு பயந்துக்கிட்டுக் கெடக்காக. ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல. அவியளப் போயி ஏசுதீகளே.”

மொக்கைச்சாமி மருமகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு சோற்றில் கை வைத்தார்.

அந்தக் காலையும் வந்தது. அணைக்கரையில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி, தொலைக்காட்சிக்காரர்கள். கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் விவசாயிகள் நின்றார்கள். அவர்களில் மொக்கைச்சாமியும் ஜெயசித்ராவும் இருந்தார்கள். மலையடிவாரம் வரை தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அதன் நடுவே பட்ட மரங்களின் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த மரங்களின் மிச்சம் எவ்வளவு கீழே இருக்கும் என்று சமுத்திரம் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். அதற்கு மேல் நினைக்கத் தைரியம் வரவில்லை.

வின்ஸ்லேட் முழங்காலுக்கு மேலே நிற்கும் டவுசரோடு காரிலிருந்து இறங்கினார். நெட்டையான கிழவர், தண்ணீரைப் பார்த்ததும் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். ஒரு முன்னாள் மந்திரியைத் தொடை தெரிய வரவேற்க முறை இல்லையே என்று மேடைக் குழு சற்று நேரம் தவித்தது. பிறகு பொன்னாடையை இடுப்பில் சுற்றிவிட்டார்கள்.

வைகுண்டராஜ் பேசினார்.

“இந்த அணையில் இதுவரை எங்கள் வாரியத்தால் ஒரு விபத்தும் நடந்ததில்லை. ஏனென்றால் எங்கள் வாரியம் இதுவரை இந்த அணைக்கு வந்ததில்லை. பாதுகாப்புதான் எங்கள் உயிர்மூச்சு. இன்று முதல்முறையாக இறங்குகிறோம். இனி நடப்பதற்கு வரலாறு பொறுப்பேற்கும்.”

வின்ஸ்லேட் பொன்னாடையை அவிழ்த்து வைத்துவிட்டுப் படகில் ஏறினார். மிதவைச் சட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். சமுத்திரம் அதை வாங்கக் கையை நீட்டினார். கணக்காளர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

இருவர் பிடித்து சமுத்திரத்தை உள்ளே இறக்கினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கரையிலிருந்து யாரோ “வாரியம் வாழ்க” என்றார்கள். அதற்குள் கரை நகர்ந்துவிட்டது.

கிழவரின் தோள்கள் மடங்கி விரிந்தன. ஒவ்வொரு வீச்சுக்கும் படகு எய்தது போலப் பாய்ந்தது. இருபுறமும் தண்ணீர், ஒரு சாண் கீழே. தண்ணீருக்கும் தமக்கும் நடுவே ஒரு பலகையின் கனம்தான் இருக்கிறது என்பதைச் சமுத்திரம் உடம்பு முழுக்க உணர்ந்தார். கையில் இருந்த கயிறு வியர்வையில் வழுக்கியது. குலதெய்வத்தைக் கூப்பிட நினைத்தார், பெயர் வரவில்லை.

வின்ஸ்லேட் உற்சாகமாக, முன்னால் என்ன தெரிகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வாட்டர் சார்” என்றார் சமுத்திரம்.

கிழவர் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக வலித்தார். ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு, அப்பா, மனைவி, தேர்தல் என்று சில சொற்கள் புரிந்தன. பாராளுமன்றம் என்று சொல்லும்போது முகத்தைச் சுளித்தார். இந்த மனிதருக்கு இந்த இடத்தில்தான் சந்தோஷம் என்பது மட்டும் சமுத்திரத்துக்கு விளங்கியது. தமக்குச் சாவு வரும் இடத்தில் இன்னொருவருக்கு இப்படிச் சந்தோஷம் வருமா என்று திகைத்தார். அப்போது தண்ணீருக்கடியில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. படகின் நிழல்தான். சமுத்திரம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

படகு இருவரில் ஒருவரும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

பட்ட மரத்தில் மோதிய சத்தம் கரை வரை கேட்டதாம். சமுத்திரத்துக்குக் கேட்கவில்லை. திடீரென்று காது, மூக்கு, வாய் எல்லாம் தண்ணீராக இருந்தது. கண்ணைத் திறந்தார்; பச்சை இருட்டு. கால் எதையும் தொடவில்லை. கத்தினார், கத்தல் குமிழாகப் போயிற்று. ஜெயசித்ரா தட்டில் சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பது போலத் தெரிந்தது. அப்போது சட்டைக் காலரை ஒரு கை பற்றி மேலே இழுத்தது. வெளிச்சமும் காற்றும் வந்தன. எதிரே கிழவரின் முகம். சமுத்திரம் அந்தக் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

கரையில் மீட்புக் குழு சுறுசுறுப்பானது. மீட்க வேண்டியது ஒருவரையா இருவரையா என்று குழுத் தலைவரான கணக்காளர் இயக்குநரிடம் தெளிவுரை கேட்டார். ரப்பர் வளையத்தை வீசினார்கள். அது கொடிக்கம்பத்தோடு கட்டியிருந்ததால் அவர்கள் காலடியிலேயே விழுந்தது. இரங்கல் குழு மட்டும் ஆயத்தமாக இருந்தது.

வின்ஸ்லேட், தம் கழுத்தில் இருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கவிழ்ந்த படகின் மேல் எடுத்து வைத்தார். பிறகு காலை உதைத்து உதைத்து, படகையும் அதன் மேல் ஒட்டிக் கிடந்த சமுத்திரத்தையும் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் கீறல், கொஞ்சம் ரத்தம். நல்லவேளையாகப் பேண்டேஜ் துணிக்குக் குறைவில்லை.

மைக்கை அவரிடம் நீட்டினார்கள். அவர் சொன்னதை ஜாஸ்மின் மொழிபெயர்த்தார். “நான் எத்தனையோ பேரோடு தண்ணீரில் விழுந்திருக்கிறேன். இவரைப் போல என்னை இறுக்கிப் பிடித்தவர் யாரும் இல்லை.”

வைகுண்டராஜ் பாய்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பிடித்துக் காப்பாற்றினார் என்கிறார்! பிரிட்டிஷ் தலைவரின் உயிரை எங்கள் வாரியத்தின் வீரர் காப்பாற்றினார்! வாரியம் எதற்கு, வாரியம் எதற்கு என்று கேட்டவர்களே, இதற்குத்தான்!”

கைதட்டல் எழுந்தது. ஜாஸ்மின் தயங்கி, வின்ஸ்லேட்டின் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நடுங்கிக்கொண்டிருந்த சமுத்திரத்தின் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுதாரு டீச்சர்?”

“‘மரத்துல மோதினதுல என் தப்பும் உண்டு. இங்க வந்து ஒருத்தரக் கவுத்துட்டேன்னு எங்க ஊர்ப் பத்திரிகை எழுதினா அடுத்த தேர்தல் போச்சு. நீங்க என்னக் காப்பாத்தினதாவே இருக்கட்டும். நாப்பது வருசமா நான் இப்படித்தான் கரை ஏறிட்டு இருக்கேன்’ங்கிறாரு” என்றார் ஜாஸ்மின்.

சமுத்திரத்தை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். மீட்பர் விருது என்று ஒன்று அந்த இடத்திலேயே உண்டானது. வைகுண்டராஜ் இன்னொன்றும் அறிவித்தார். இனி சமுத்திரம்தான் வாரியத்தின் தலைமை நீச்சல் பயிற்சியாளர். வாராவாரம் இதே அணையில் பயிற்சி. அதற்காக இந்தத் தண்ணீர் வருஷம் முழுவதும் இப்படியே பாதுகாக்கப்படும்.

கயிற்றுக்கு அப்பால் முணுமுணுப்பு எழுந்தது. சமுத்திரத்துக்கு அது காதில் விழவில்லை. வாராவாரம் என்ற சொல்லிலேயே அவர் மறுபடியும் மூழ்கிக்கொண்டிருந்தார். மைக் அவர் கைக்கு வந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க” என்றார். பல் அடித்துக்கொண்டது. “நான் காப்பாத்தல. அவியதான் என்னத் தூக்கிக் கொண்டாந்து போட்டாக. நான் கண்ண மூடிட்டேன். பயம். அம்புட்டுத்தான்.”

“அடக்கம்!” என்று தழுதழுத்தார் வைகுண்டராஜ். “எவ்வளவு அடக்கம்!”

முன்னிலும் பலமாகக் கைதட்டினார்கள். சமுத்திரம் மறுபடியும் சொன்னார், மறுபடியும் கைதட்டினார்கள்.

“சமுத்திரம், உனக்கு என்ன வேணுமோ கேளு. இந்த மேடையிலேயே செஞ்சு தாரேன்” என்றார் வைகுண்டராஜ், தொலைக்காட்சிக்காரர்களின் பக்கம் திரும்பி.

சமுத்திரம் அணையைப் பார்த்தார். அது இருக்கும்வரை தம்மை அதில் இறக்குவார்கள். அது இல்லாமல் போனால்?

“அந்தத் தண்ணியத் தெறந்து விட்டுருங்கய்யா” என்றார். அழுகை வந்துவிட்டது. “ஒரு சொட்டுகூட வைக்காதீக. அம்புட்டையும் தெறந்து விட்டுருங்க.”

கயிற்றுக்கு அப்பால் விவசாயிகள் போட்ட சத்தத்தில் மலைப்பக்கத்துப் பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. மொக்கைச்சாமி துண்டை எடுத்து வீசினார். வின்ஸ்லேட் என்னவென்று ஜாஸ்மினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுந்து நின்று கைதட்டினார். தொலைக்காட்சிக்காரர்கள் மைக்குகளை எல்லாம் வைகுண்டராஜின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவர் தண்ணீருக்குள் விழுந்தவரைப் போல வாயை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு, தண்ணீரைத் திறப்பதுதான் வாரியத்தின் நெடுநாள் கனவு என்று பேட்டி கொடுத்தார். ஒளிபரப்பிவிட்டதால் மேலிடத்துக்கும் வேறு வழி இருக்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் சுந்தரபாண்டியத்தைத் தொட்டபோது, வயல்காரர்கள் ஜீப் பிடித்து வந்து சமுத்திரத்தைக் கூட்டிப் போனார்கள். முதல் மடையை அவர்தான் வெட்டிவிட வேண்டுமாம். வரப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செம்மண் கலங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஜெயசித்ரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்கெனவே வாய்க்காலுக்குள் நின்றாள்.

“எறங்குங்க” என்றாள்.

“எம்புட்டு ஆழம்?”

“முழங்காலு.”

“யாரு முழங்காலு?”

“ஒங்க முழங்காலுதான். கையக் குடுங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சமுத்திரம் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தது, காலை இழுத்தது. நெஞ்சு அடைத்தது. அடுத்த காலையும் வைத்தார். கீழே சேறு இருந்தது. சேற்றுக்குக் கீழே தரை இருந்தது.

மொக்கைச்சாமி வரப்பிலிருந்து மண்வெட்டியை நீட்டினார். சமுத்திரம் ஒரு கையால் வாங்கினார்.

“மாப்ள, மம்பட்டிக்கு ரெண்டு கை வேணும்” என்றார் மொக்கைச்சாமி.

சமுத்திரம் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கையை விட்டார்.